மூளை பைபாஸுக்குக் காப்பீடு உண்டு. பிந்தைய பரிசோதனைக்கு வழியில்லை

புது தில்லி: மூளைக்குப் போதிய ரத்தம் செல்லாத நோயாளிகளுக்கு மாற்று வழி அமைத்துக் கொடுக்கும் "பைபாஸ்' அறுவை சிகிச்சைக்கு அரசுக் காப்பீட்டுத் திட்டங்களில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால், தைத்த ரத்தக் குழாய் திறந்திருக்கிறதா, அதன் வழியே ரத்தம் தடையின்றி ஓடுகிறதா என்பதை அறிய, அறுவைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டிய பரிசோதனைகளுக்கு அத்திட்டங்களில் ஏறக்குறைய இடமே இல்லை.

அறுவை சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிடும். கண்காணிப்போ நோயாளியின் ஆயுள் முழுவதும் தொடர வேண்டியது. வசதியற்ற குடும்பங்களுக்குச் சுமையாவது இந்த இரண்டாவது பகுதிதான். நோயாளி தன் உடல் நிலையைத் தானே எடுத்துச் சொல்ல இயலாதவராக இருந்தால் அந்தச் சுமை இரட்டிப்பாகிறது.

போவன்பள்ளி வளாகம்: ஹைதராபாதின் இரட்டை நகரமான செகந்தராபாதில், நாகபுரி நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள போவன்பள்ளி பகுதியை, காய்கறிச் சந்தையை வைத்தே பலரும் அறிவர். அங்குள்ள மனோவிகாஸ் நகரில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று 1984 முதல் இயங்கி வருகிறது. "மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம்' என்று நெடுங்காலம் அறியப்பட்ட அந்நிறுவனம், பின்னாளில் "அறிவுசார் குறைபாடுடையோருக்கு அதிகாரமளிக்கும் தேசிய நிறுவனம்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் கீழ் வரும் இந்நிறுவனம், அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சிறப்புக் கல்வி, பயிற்சி, மறுவாழ்வு ஆகிய பணிகளைச் செய்து வருகிறது.

இது மூளை அறுவை சிகிச்சை நடைபெறும் மருத்துவமனை அல்ல. இருந்தாலும், இத்தகைய நிறுவனங்களை நாடி வரும் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கும் மூளை பைபாஸுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அவர்கள் "டவுன் சிண்ட்ரோம்' எனப்படும் மரபணுக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகள்.

புகைச் சுருள் நோய்: மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாய்கள், கபாலத்துக்குள் நுழைந்ததும் சிறிது சிறிதாகச் சுருங்கி அடைபடும் நோய் ஒன்று உண்டு. அடைபட்ட இடத்தைச் சுற்றி மிக மெல்லிய குழாய்கள் கொத்தாக முளைத்து, ரத்தம் செல்ல வழி தேடும். எக்ஸ்-ரே படத்தில் அந்தக் கொத்து, காற்றில் ஊதிவிட்ட புகையைப் போலத் தெரியும். அதனால் ஜப்பானிய மருத்துவர்கள் சுஸுகி, தகாகு ஆகியோர் 1969-ல் அதற்கு "மோயாமோயா' என்று பெயரிட்டனர். அம்மொழியில் அச்சொல் மங்கலான புகையைக் குறிக்கும். முளைக்கும் குழாய்கள் வலுவற்றவை. எனவே இந்நோயாளிகளுக்கு ரத்த ஓட்டம் குறைந்தும் பக்கவாதம் வரலாம்; குழாய் வெடித்து ரத்தம் கசிந்தும் வரலாம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் இந்நோய் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. அரிவாள் செல் ரத்தசோகை உள்ள குழந்தைகளுக்கும் இது வருகிறது.

இந்நோயின் ஒரு குணத்தைப் பெற்றோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். குழந்தை தேம்பித் தேம்பி அழும்போது மூச்சு வேகமாகிறது. அதனால் ரத்தத்தில் கரியமில வாயுவின் அளவு குறைந்து, மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ஆரோக்கியமான குழந்தைக்கு இதனால் கெடுதல் இல்லை. ஏற்கெனவே குழாய் அடைபட்ட குழந்தைக்கோ, அழுது முடிக்கும் நேரத்தில் ஒரு கை தொங்கிப் போகலாம், பேச்சு குழறலாம். சில நிமிடங்களில் அது சரியாகியும் விடலாம். சூடான உணவை ஊதி ஊதிச் சாப்பிடும்போதும், பலூன் ஊதும்போதும்கூட இப்படி நேர்வதுண்டு. பேச்சுத் திறன் குறைந்த குழந்தையிடம் இதைப் "பிடிவாதம்' என்றோ "சோர்வு' என்றோ வீட்டார் எண்ணிவிடுவது எளிது.

ஊசி என்றாலே அழும் குழந்தையை, ஊசியும் மயக்க மருந்தும் தேவைப்படும் பரிசோதனைக்கு மீண்டும் மீண்டும் உட்படுத்துவதில் உள்ள சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

தலைமுடியினும் மெல்லிய நூல்: மூளை பைபாஸ் சிகிச்சை 1967 அக்டோபர் 30-ம் தேதி ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் தொடங்கியது. துருக்கியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் காஸி யாசர்கில், காதுக்கு முன்புறமாக மேலேறி உச்சந்தலைத் தோலுக்குச் செல்லும் தமனியை எடுத்து, கபாலத்தில் துளையிட்டு, மூளையின் மேற்பரப்பில் ஓடும் தமனியுடன் தைத்தார். இணைக்கப்படும் குழாய்களின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது. நுண்ணோக்கி இன்றி இந்த வேலை நடவாது.

குழந்தைகளிடம் பெரும்பாலும் வேறொரு முறை கையாளப்படுகிறது. தமனியை நேரடியாகத் தைக்காமல், அதை மூளையின் மேற்பரப்பில் படிய வைத்துவிடுகின்றனர். பசித்த மூளை அந்தத் தமனியிலிருந்து புதிய குழாய்களைத் தானே வருவித்துக் கொள்கிறது. அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். எனவே, அறுவை சிகிச்சை வெற்றியா தோல்வியா என்பது நோயாளி வீடு திரும்பும் நாளில் தெரியாது. ஆறு மாதமோ ஓராண்டோ கழித்துப் படமெடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நேரடியாகத் தைக்கப்பட்ட குழாயும் பின்னாளில் சுருங்கலாம், அடைபடலாம். ரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். தைத்த தமனி காதருகே தோலுக்கு அடியில்தான் ஓடுகிறது. இறுக்கமான மூக்குக் கண்ணாடியின் காம்போ, தலையில் இறுகக் கட்டிய துணியோ அதை அழுத்தக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

அரசியல்வாதி தந்த ஆஞ்சியோகிராம்: மூளையின் ரத்தக் குழாய்களை உயிரோடு இருப்பவரிடம் படமெடுக்கும் முறையை 1927-ல் கண்டறிந்தவர் போர்ச்சுகலைச் சேர்ந்த எகாஸ் மோனிஸ். இவர் மருத்துவர் மட்டுமல்ல. அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினராகவும், வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். முதல் உலகப் போருக்குப் பிந்தைய பாரீஸ் அமைதி மாநாட்டில் தம் நாட்டுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். அரசியலைவிட்டு விலகிய பின் அவர் செய்த ஆய்வே மருத்துவ உலகில் நிலைத்தது.

அவர் வழியில் வளர்ந்த ஆஞ்சியோகிராம்தான் இன்றும் மிகத் துல்லியமான பரிசோதனையாகக் கருதப்படுகிறது. தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைக் கழுத்து வரை செலுத்தி, சாயம் பாய்ச்சிப் படமெடுக்கின்றனர். இதனால் பக்கவாதம் போன்ற தீவிர பாதிப்பு நேர்வது நூற்றில் ஒருவருக்கும் குறைவே. ஆயினும் ஒரே நோயாளிக்கு ஆண்டுதோறும் செய்யத்தக்க பரிசோதனை அல்ல இது. குழந்தைகளுக்கு மயக்க மருந்தும் தேவைப்படும். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இருதயக் கோளாறு உண்டு. சிலருக்குக் கழுத்தெலும்பு இணைப்பு தளர்ந்திருக்கும். மூச்சுப் பாதையும் குறுகலாக இருக்கும். இவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பதே தனிக் கவனம் வேண்டும் காரியம்.

குழாய் செலுத்தாத வழிகள்: உடலுக்குள் குழாய் எதையும் செலுத்தாமல் ரத்தக் குழாயைப் பார்க்க இன்று மூன்று வழிகள் உள்ளன.

சி.டி. ஆஞ்சியோகிராம் சில நொடிகளில் முடிந்துவிடும். தைத்த இடம் திறந்திருக்கிறதா என்பதைத் தெளிவாகக் காட்டும். ஆனால், கையில் ஊசி வழியே அயோடின் கலந்த சாயம் செலுத்த வேண்டும், கதிர்வீச்சும் உண்டு. வளரும் குழந்தைக்கு இதை அடிக்கடி எடுப்பது உசிதமல்ல. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சாயம் ஒத்துவராமல் போகலாம்.

எம்.ஆர். ஆஞ்சியோகிராமில் கதிர்வீச்சு இல்லை. சாயம் இன்றியும் எடுக்கலாம். மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்பதையும் சாயமின்றியே கணிக்கும் முறை வந்துவிட்டது. எனினும், அறுவையின்போது பொருத்தப்பட்ட உலோகக் கிளிப்புகளும் தகடுகளும் படத்தில் கருமையாகப் படிந்து, திறந்திருக்கும் குழாயையே அடைபட்டதுபோலக் காட்டுவதுண்டு. தவிர, பேரிரைச்சல் எழுப்பும் குழலுக்குள் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தையிடம் அதை எதிர்பார்ப்பது கடினம். எனவே இங்கும் மயக்க மருந்து வந்துவிடுகிறது.

மூன்றாவது வழி, கருவுற்ற பெண்களுக்கு "ஸ்கேன்' எடுக்கும் அதே அல்ட்ரா சவுண்டு கருவியின் டாப்ளர் வசதி. மூன்றிலும் எளியது, மலிவானது, அதேசமயம் அதிகம் பேசப்படாதது இதுதான்.

காதருகே வைத்தால் போதும்: இதன் தத்துவம் வியப்புக்குரியது. தலைத் தோலுக்குச் செல்லும் தமனியில் ரத்தம் இருதயம் சுருங்கும்போது மட்டும் விசையுடன் பாயும். இருதயம் ஓய்வெடுக்கும் இடைவெளியில் ஓட்டம் மிகக் குறைந்துவிடும். தோல் அவ்வளவு ரத்தம் கேட்பதில்லை. மூளையோ ஒரு கணமும் இடைவிடாமல் ரத்தம் கேட்கும் உறுப்பு. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, இருதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கைப் பெறுகிறது. அதனால் மூளைக்குச் செல்லும் தமனியில் இருதயம் ஓய்வெடுக்கும் நேரத்திலும் ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்.

தலைத் தோல் தமனியை மூளைத் தமனியுடன் தைத்த பின், அதன் இயல்பே மாறுகிறது. தோலுக்கு உரிய ஓட்டம் மறைந்து, மூளைக்கு உரிய ஓட்டம் வந்துவிடுகிறது. காதுக்கு முன்னால் சிறிது பசை தடவிக் கருவியின் முனையை வைத்தால், அந்த மாற்றம் திரையில் அலையாகத் தெரியும். ஊசி இல்லை, மயக்கம் இல்லை, தாயின் மடியில் அமர்ந்த நிலையிலேயே குழந்தைக்குச் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். பின்னாளில் ஒரு பரிசோதனையில் பழைய தோல் தமனியின் அலை திரும்பியிருந்தால், தைத்த வழி சுருங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது மட்டும் பெரிய பரிசோதனைக்கு அனுப்பினால் போதும்.

குறைகளும் உண்டு. கருவியை இயக்குபவரின் பயிற்சியைப் பொருத்தே முடிவு அமையும். மூளையின் மேல் படிய வைக்கும் முறையில் மாற்றங்கள் மெதுவாகவும் மங்கலாகவுமே தெரியும். எம்.ஆர். படத்துக்கு இது மாற்று ஆகிவிடாது.

திறந்திருந்தால் போதுமா?: குழாய் திறந்திருப்பதும் நோயாளி நலமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மூளைக்குச் செல்லும் குழாய்கள் கொழுப்புப் படிந்து அடைபட்ட 1,377 நோயாளிகளிடம் நடந்த சர்வதேச ஆய்வின் முடிவு 1985-ல் வெளியானது. அறுவை செய்யப்பட்டவர்களில் நூற்றுக்கு 96 பேருக்குக் குழாய் திறந்தே இருந்தது. ஆயினும் மருந்து மட்டும் பெற்றவர்களைவிடப் பக்கவாதம் குறையவில்லை.

அமெரிக்கா, கனடாவில் 195 பேரிடம் நடத்தப்பட்டு 2011-ல் வெளியான ஆய்விலும் இதே நிலை. ஒரு மாதத்தில் 98 சதவீதக் குழாய்கள் திறந்திருந்தன. ஆனால் இரண்டு ஆண்டுகளில் பாதிப்பு அறுவை பெற்றவர்களிடம் 21 சதவீதம், பெறாதவர்களிடம் 22.7 சதவீதம். அறுவையை ஒட்டிய முதல் மாதத்திலேயே பக்கவாதம் கண்டவர்கள் அதிகம் என்பதால், கிடைத்த பலன் கரைந்து போனது.

மோயாமோயா விஷயம் வேறு. மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்ட 80 பேரிடம் ஜப்பானில் நடத்தப்பட்டு 2014-ல் வெளியான ஆய்வில், மீண்டும் ரத்தக் கசிவு உள்ளிட்ட பாதிப்புக்கு உள்ளானவர்கள் அறுவை பெற்ற பிரிவில் 14.3 சதவீதம்; மற்ற பிரிவில் 34.2 சதவீதம். ஆக, கொழுப்பு அடைப்புக்குப் பெரும்பாலும் கைவிடப்பட்ட இந்த அறுவை சிகிச்சை, மோயாமோயா நோயாளிகளுக்கு முக்கிய வழியாக நீடிக்கிறது. அவர்களில் கணிசமானோர் குழந்தைகள். இன்னும் பல பத்தாண்டுகள் வாழ வேண்டியவர்கள். அத்தனை ஆண்டுகளும் கண்காணிக்கப்பட வேண்டியவர்கள்.

15 நாள்களோடு சரி: பிரதமரின் மக்கள் ஆரோக்கிய திட்டம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கும் இத்திட்டத்தின் நரம்பியல் அறுவைப் பட்டியலில் மூளை பைபாஸும் உள்ளது. ஆனால் இது உள்நோயாளிகளுக்கான திட்டம். மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 3 நாள்கள், வீடு திரும்பிய பின் 15 நாள்கள் ஆகியவற்றுக்கான செலவுகள் மட்டுமே இதில் அடங்கும். புறநோயாளியாக வந்து எடுக்கும் படங்களுக்கு இடமில்லை. புதிய குழாய்கள் முளைத்தனவா என்று பார்க்க வேண்டிய ஆறாவது மாதத்தில் நோயாளி தன் கைப்பணத்தையே நம்ப வேண்டியுள்ளது.

ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2007-ல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ திட்டம் இந்த விஷயத்தில் சற்று முன்னோடியாக இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சில சிகிச்சைகளுக்கு, வீடு திரும்பிய பின் ஓராண்டு வரை ஆலோசனை, பரிசோதனை, மருந்து ஆகியவற்றை அத்திட்டம் ஏற்றது. தெலங்கானாவில் இத்திட்டத்தின் வரம்பு 2023 டிசம்பரில் ரூ. 10 லட்சமாக உயர்த்தப்பட்டது. வரம்பை உயர்த்துவது அறிவிப்புக்கு அழகானது. நோயாளிக்குத் தேவை, ஓராண்டு என்ற காலக்கெடு நீள்வது.

தொகுதி மக்களுக்காகப் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்குப் பரிந்துரைக் கடிதம் தருவது நாடாளுமன்ற உறுப்பினர்களின் அன்றாட அலுவல்களில் ஒன்று. அந்தக் கடிதங்களும் பெரும்பாலும் இருதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் என ஒருமுறை ஆகும் பெருஞ்செலவுக்குத்தான் பயன்படுகின்றன. ஆண்டுக்கொருமுறை வரும் சிறு செலவுக்காக யாரும் கடிதம் கேட்டு எம்.பி. வீட்டு வாசலில் நிற்பதில்லை.

சட்டம் சொல்வது: மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், பண மதிப்பிழப்பு அமளியால் அவைகள் முடங்கிக் கிடந்த 2016 குளிர்காலக் கூட்டத்தொடரில் நிறைவேறியது. மாநிலங்களவையில் டிசம்பர் 14-ம் தேதியும், மக்களவையில் டிசம்பர் 16-ம் தேதியும் ஒப்புதல் கிடைத்தது. அக்கூட்டத்தொடரில் இரு தரப்பும் ஒன்றுபட்ட அரிய தருணம் அது. சட்டம் 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. 7 ஆக இருந்த குறைபாடுகளின் பட்டியல் 21 ஆக விரிந்தது. அரிவாள் செல் நோயும் அதில் சேர்ந்தது.

இச்சட்டத்தின் 25-வது பிரிவு, வருமான வரம்புக்கு உட்பட்டு வசிப்பிடத்துக்கு அருகிலேயே இலவச மருத்துவ வசதி, சிகிச்சையில் முன்னுரிமை, குழந்தைகள் அனைவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதனை ஆகியவற்றுக்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. போவன்பள்ளியைப் போன்ற தேசிய நிறுவனங்களுக்குக் குழந்தைகள் வந்து போகும் நாள்களிலேயே டாப்ளர் பரிசோதனையையும் செய்ய முடிந்தால், இப்பிரிவு ஓரளவேனும் செயலுக்கு வரும். இதற்கு அமைச்சகங்கள் இரண்டு பேசியாக வேண்டும். நிறுவனம் சமூக நீதி அமைச்சகத்தின் கீழ். பரிசோதனை சுகாதார அமைச்சகத்தின் கீழ்.

அடிலாபாத் வழி: போவன்பள்ளி வழியாக வடக்கே செல்லும் நெடுஞ்சாலை, பழங்குடி மக்கள் மிகுந்த அடிலாபாதுக்குப் போகிறது. அரிவாள் செல் நோய் காணப்படும் பகுதி அது. இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தைப் பிரதமர் 2023 ஜூலை 1-ம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கி வைத்தார். 40 வயதுக்கு உட்பட்ட 7 கோடிப் பேரிடம் ரத்தப் பரிசோதனை நடத்துவது அதன் இலக்கு.

அரிவாள் செல் குழந்தைகளுக்கு வரும் பக்கவாதத்தை முன்கூட்டியே உணர்த்தும் கருவியும் டாப்ளர்தான். நெற்றிப் பொட்டில் வைத்து மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கின்றனர். நொடிக்கு 200 சென்டிமீட்டர் வேகத்தை எட்டிய குழந்தைகளுக்குத் தொடர்ந்து ரத்தம் ஏற்றியதில் பக்கவாதம் 92 சதவீதம் குறைந்ததை 1998-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒரே வகைக் கருவி. அறுவைக்கு முன்னும் உதவும், பின்னும் உதவும்.

கருவியைக் கொண்டு செல்லத் தடை: ஆனால், இந்தக் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்விட முடியாது. கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்க 1994-ல் இயற்றப்பட்டு, 2003-ல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி, கருவின் பாலினத்தைக் காட்ட வல்ல அல்ட்ரா சவுண்டு கருவி ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட வேண்டும். கையடக்கக் கருவியைப் பதிவு பெற்ற மருத்துவமனை வளாகத்துக்குள் உள்நோயாளிகளுக்கும், பல சேவைகளை ஒருங்கே அளிக்கும் நடமாடும் மருத்துவ ஊர்தியிலும் மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2012-ல் விதிகள் திருத்தப்பட்டன. பெண் சிசுக்களைக் காக்க வந்த கட்டுப்பாடு இது. அதைத் தளர்த்தச் சொல்வதற்கு எந்த உறுப்பினரும் துணியமாட்டார், துணியவும் கூடாது. நடமாடும் ஊர்தி என்ற வாசல் விதிகளிலேயே திறந்திருக்கிறது. நரம்பியல் பரிசோதனைக்கு அதைப் பயன்படுத்துவதுதான் மிச்சமிருக்கும் வழி.

நிராமயா: புறநோயாளிச் செலவுக்கு இடம் தரும் மத்தியத் திட்டம் ஒன்று இல்லாமல் இல்லை. 1999-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய அறக்கட்டளை நடத்தும் "நிராமயா' காப்பீடு, ஆண்டுக்கு ரூ. 1 லட்சம் வரை செலவை ஏற்கிறது. இத்தொகைக்குள் புறநோயாளிச் சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும் தனி உச்சவரம்பு உண்டு. எம்.ஆர். படத்துக்கு அது போதாமல் போகலாம், டாப்ளருக்குப் போதும். சேருவதற்கு வயது வரம்பு இல்லை. முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனையும் கேட்பதில்லை. மாற்றுத் திறனாளிச் சான்றிதழ் வேண்டும்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கு பிரிவினருக்கு மட்டுமே இத்திட்டம். 2016-ம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளை ஏற்ற பின்னும் இந்த நான்கு, நான்காகவே நிற்கிறது. ஆகவே டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு இதில் இடமுண்டு. மோயாமோயா வந்த அரிவாள் செல் குழந்தைக்கு, வேறு குறைபாடு இல்லாவிட்டால், இடமில்லை. காப்பீட்டு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் முடிவதற்குள் புதுப்பிக்கத் தவறினால் அட்டை செல்லாது.